பிடி அரிசி

ஊரில் கரண்டு வந்த வருஷம் கார்த்திகைப் புயலில் மரக்காணம் பக்கத்துக் குப்பங்கள் மூழ்கிப்போயின. திண்டிவனத்தில் எங்கள் பிடி அரிசிச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் நாங்கள் வாங்கிச் சேர்ப்போம். அந்தத் தடவை மூன்று மூட்டை தேறியது. வண்டிக்காரன் பெரியதம்பியின் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, ஏதோ தேர் ஓட்டிப் போவது போன்ற பெருமையோடுதான் கிளம்பினேன். எனக்கு எப்போதுமே கொஞ்சம் தலைக்கனம்.

குப்பத்தில் ஒரு வீட்டிலும் புகை இல்லை. பதினோரு பேர் கடலோடு போயிருந்தார்கள். ஒருவர் உடலும் கரை ஒதுங்கவில்லை. ஊர்ப் பெரியவர் ராஜவேலு மூட்டைகளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பொணம் எடுக்காம அடுப்பு மூட்ட மாட்டமுங்க. விறகும் நனைஞ்சு கெடக்குது."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான். இழவு வீட்டுக்குச் சமைத்துத்தானே எடுத்துப்போவோம்? இந்த அறிவுகெட்டவன் அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கடலோடு போனவர்களில் வீரமுத்துவும் ஒருவன். அவன் மனைவி ஜெயம்மாள் பிள்ளை பெற்று ஆறு நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்து மேட்டில் ஜுரத்தோடு படுத்திருந்தாள். நாலு நாளாக வயிற்றுக்கு ஒன்றுமில்லை, பால் வற்றிப்போய்க் குழந்தை கத்தியது. அவளுடைய தாய் தைலம்மாள் என் முகத்தையே பார்த்தாள்.

"சோறா இருந்தா ஒரு வாய் ஊட்டிருப்பேன் சாமி."

"பூரா வடிச்சு எடுத்துக்கினு வர்றேம்மா" என்றேன்.

"ஒரு மூட்டையாவது இருக்கட்டுங்களே" என்றார் ராஜவேலு.

"அடுப்பு மூட்டாத ஊர்ல அரிசி எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு மூன்றையும் திரும்ப ஏற்றச் சொன்னேன். என் தப்பை நானே முழுசாகச் சரிசெய்துவிட வேண்டும் என்ற வெறி.

வீட்டில் என் மனைவி கோவிந்தம்மாள் அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று மூட்டையையும் வடித்தாள். சங்கத்து அரிசியில் பச்சையும் புழுங்கலும் கலந்திருக்கும். பாதி குழைந்தது, பாதி விறைத்தது. கெடாமல் இருக்கப் புளி கலந்து கிளறினார்கள். ஜெயம்மாளுக்கென்று பூண்டுக் கஞ்சி ஒரு தூக்கில் தனியாக. குப்பத்துக்குத் திரும்பும் வழியில் பாலம் உடைந்து வண்டி ஒரு நாள் முழுக்க நின்றது. நான் மாடுகளைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், பெரியதம்பியையும் விடவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜெயம்மாளைப் பள்ளிக்கூட வாசலில் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் போய்விட்டாளாம். குழந்தை கத்தவும் தெம்பில்லாமல் தைலம்மாள் மடியில் கிடந்தது.

நான் தூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். ராஜவேலு கிட்டே வந்தார்.

"வாய்க்கரிசி போடணுமுங்க. இங்க எல்லாம் தண்ணியில போச்சு. ஒரு பிடி அரிசி இருக்குங்களா?"

"பூரா வடிச்சிட்டேன்" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பெரியதம்பிதான் முதலில் வண்டியில் ஏறினான். புளிச்சோற்று அண்டாக்களை இறக்கிவிட்டு வைக்கோலை விலக்கினான். பலகை இடுக்கில் மூட்டையிலிருந்து சிந்திய மணிகள் கிடந்தன. இரண்டு பேரும் முட்டிபோட்டு நகத்தால் கிளறி எடுத்தோம். ஊரெல்லாம் பிடி பிடியாக வாங்கிய எனக்கு அரைப் பிடிகூடத் தேறவில்லை. தூசியை ஊதித் தைலம்மாள் உள்ளங்கையில் போட்டேன்.

அவள் அழவில்லை. கொஞ்சத்தை மகள் வாயில் போட்டாள். மிச்சத்தை முந்தியில் முடிந்துகொண்டாள்.

"மாப்ள ஒதுங்குனா போடணுமே" என்றாள்.