குடைக்காரியின் பலவீனம்

சேர்த்து வைத்திருந்த வைரங்களை எல்லாம் கொடுத்து, மொபைல் விளையாட்டில் புதிதாக வந்த குடைக்காரியை வாங்கினேன்.

"போயும் போயும் இந்த ஆமையையா வாங்கின?" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். தோற்பவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம். அம்மா சாட்சி.

காலையெல்லாம் அவளைச் சோதித்துப் பார்த்தேன். சின்ன அடிகளுக்கே சுருண்டு விழுகிறாள். ஆனால் பெரிய அடி விழுந்தால், குடை அதை அடித்தவனுக்கே திருப்பி அனுப்புகிறது. ஆகவே அண்ணனுக்குக் கோபம் வர வேண்டும். எனக்கோ அவனைச் சீண்டிப் பேச வாயே வராது.

ஆட்டத்தில் அண்ணனின் மல்லன் கிள்ளுவதுபோல் அடித்துக்கொண்டே இருந்தான். குடைக்காரிக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம். துணிந்து கத்திவிட்டேன்.

"என்னண்ணா, கொசு அடிக்கிறியா?"

"கொசுவா? இந்தா வாங்கிக்கோ!"

படார்! மல்லன் மல்லாந்து விழுந்தான்.

"அம்மா! இவ வாயாடுறா!" என்று அண்ணன் அலறினான்.

"ஆடட்டும். நீ வந்து பாத்திரத்தைக் கழுவு."