பாட்டுக்கு நடுவே அவள் பேசியது

ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்தார். பின்னாலேயே மகள். கல்லூரிப் பையைக்கூட வீட்டில் வைக்காமல் ஓடி வந்திருந்தாள்.

"வாங்க அத்தான்! என்ன, பொண்ணு பார்க்கப் போற மாதிரி சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டிருக்கீங்க?"

கேட்டவன் பீட்டு, மனைவியின் தம்பி. மேசையில் தாளம் தட்டாமல் சோறு இறங்காத ஆள் என்பதால் வந்த பெயர்.

"உங்கக்காவைத்தானே பார்க்க வந்திருக்கேன்" என்றார்.

பீட்டுவின் சிரிப்பு சட்டென்று அணைந்தது.

ஒரு காலத்தில் நடன அரங்குகளை அதிரவைத்த பாட்டு ஒன்று, ஹவுஸ் என்னும் துள்ளல் நடன இசையில். இசை அவருடையது, குரல் அவர் மனைவியுடையது. பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடிய அதே மாதத்தில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. அதன்பிறகு அவர் மெட்டு எதுவும் போடவில்லை. ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அதை வெளியிட்ட கம்பெனிக்குத் திடீர் ஆசை. அதே பாட்டுக்குப் புது ரீமிக்ஸ்கள். போடுகிறவர்களில் பீட்டுவும் ஒருவன். கிடங்கில் கிடந்த மூல நாடாவைக் கணினியில் ஏற்றும் வேலையும் அவன் தலையில்தான்.

அந்த நாடாவுக்காகத்தான் அப்பாவும் மகளும் துடித்தார்கள். முதல் சரணம் முடிந்து இசை மட்டும் ஓடும் இடத்தில், மைக் திறந்திருப்பதை மறந்து அவள் பேசியிருந்தாள். 'பாப்பா முழிச்சிட்டாளா? போர்வையை இழுத்து விடுங்க.' வெளியான பாட்டில் அவரே அதை அமுக்கிவிட்டார். அந்தப் பாப்பாதான் இந்த மகள்; அப்பா சொல்லிச் சொல்லி அவளுக்கு வார்த்தைகள் மனப்பாடம். அம்மா அதை எப்படிச் சொன்னாள் என்பதுதான் தெரியாது. அவள் பாடிய குரலை ஊரே கேட்டிருந்தது. பேசிய குரல் வேறெதிலும் பதிவாகவில்லை.

"குரலை மட்டும் போடு மாப்ளே."

அவள் பாடினாள். தாளமில்லை, பக்கவாத்தியமில்லை, வெறும் குரல். மகள் நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டாள். முதல் சரணம் முடிந்தது.

நிசப்தம். மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் இரண்டாம் சரணம் வந்துவிட்டது.

"திரும்பப் போடு."

திரும்பவும் அதே நிசப்தம்.

"நடுவுல பேசுவாளே? எங்கடா அது?"

"பேச்சா?" பீட்டுவின் முகம் வெளிறியது. "இடையில இருந்த இரைச்சலையெல்லாம் சுத்தம் பண்ணேன் அத்தான். எப்பவும் பண்றதுதானே..."

"சுத்தம் பண்ணாதது எங்க?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"நாடா இருக்குல்ல?"

"பழசாகி ஒட்டிக்கிட்டிருந்துச்சு, சூடு காட்டி ஒரே தடவைதான் ஓட்ட முடிஞ்சுது. சத்தம் பதிஞ்சிருந்த பூச்செல்லாம் பொடிப்பொடியா உதிர்ந்துடுச்சு."

அவர் எழுந்தே விட்டார். "காது எங்கடா போச்சு? பேச்சுக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தியா?"

"கேட்கலை அத்தான்."

"என்ன?"

"ஸ்பீக்கரை அணைச்சு வெச்சுட்டு, திரையில ஒலி அலையைப் பார்த்தே வெட்டினேன். பெருசா இருந்தா பாட்டு. சின்னதா இருந்தா இரைச்சல்." குரல் உடைந்தது. "அக்கா தனியாப் பாட ஆரம்பிச்சதும் என்னால இங்க உட்கார முடியலை. என்னைத் தூக்கி வளர்த்தவ அத்தான் அவ!"

அவள் வளர்த்த தம்பியைப் போய் அவர் எப்படித் திட்டுவார்? நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

மகள்தான் பேசினாள். "விடுங்க மாமா, அழாதீங்க." பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க கேட்டிருக்கீங்கல்ல? அம்மா மாதிரியே சொல்லிக் காட்டுங்க."

அதற்கென்ன, எத்தனை தடவை மனசுக்குள் கேட்டிருப்பார்! கண்ணை மூடி நினைவில் துழாவினார். அவள் உதடு தெரிந்தது. தலைசாய்த்து இவரைப் பார்த்த பார்வை தெரிந்தது.

"பாப்பா முழிச்சிட்டாளா..."

நிறுத்திவிட்டார். வந்தது அவள் பேச்சில்லை. அந்தப் பாட்டின் மெட்டு.

இன்னொரு முறை முயன்றார். அதே மெட்டில்தான் வந்தது. அவள் பேசிய மாதிரி வரவே இல்லை.