என்ன குறை, தாயி?

செல்லப்பாண்டிக்கு ஊரில் நல்ல பெயர். எம்.ரெட்டியபட்டியில் ஷேர் ஆட்டோவைக் கிளப்பினால் அருப்புக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் ஏறியவர் அத்தனை பேரையும் சிரிக்க வைத்துவிடுவான். வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். பெண்டாட்டியிடம் என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அவன் பெண்டாட்டி தங்கமாரி டவுனில் ரெடிமேட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவள். மெஷினில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடித்தாலும் எழ மனம் வராது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கண் மங்கியது, பிறகு கால் மரத்தது, ஒருநாள் மெஷினை மிதிக்கிற கால் மிதிக்கவே மாட்டேன் என்றுவிட்டது. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து எம்.எஸ். என்கிற நரம்பு நோய் என்றார்கள். ஆட்டோக்காரனுக்குப் புரியட்டுமென்று டாக்டரம்மா ஒயர் கணக்கில் சொன்னார். நரம்புக்கு மேலே உள்ள உறை அங்கங்கே உரிந்துபோகிறது, கரண்ட் ஒழுங்காகப் போகாது, உடம்புக்குச் சூடு ஆகவே ஆகாது. தங்கமாரியை வெளியே உட்கார வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். இந்த நோய் மனசையும் பிடித்து அமுக்கும். தூக்கம் கெட்டு, பேச்சுக் குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் போனால் வாய்விட்டுக் கேளுங்கள், உடனே கூட்டி வாருங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது.

முதல் சங்கதியை வீட்டில் சொன்னான். இரண்டாவதை முழுங்கிவிட்டான். மனசுக்கு மாத்திரை தின்கிறாள் என்று தெரிந்தால் பைத்தியம் என்று பட்டம் கட்ட ஊருக்கு ஒரு பொழுது ஆகுமா? நல்லதுக்கு என்று நினைத்துத்தான் அந்தத் தப்பைச் செய்தான்.

தங்கமாரி அழுதாலாவது தேவலை. அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். சாப்பிடு என்றால் சரி என்பாள், சாப்பிடமாட்டாள். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாள், வேலைக்கு வளையாத உடம்பு என்று எதிர்வீட்டுக்காரி காதுபடப் பேசியதற்கும் ஒரு சொல் சொல்லவில்லை. படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். செல்லப்பாண்டி சரியாயிரும் என்று சொல்லிவிட்டு ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அவன் அம்மா சங்கரம்மாள் சும்மா இருக்கிற ஆளில்லை. மருமகள் மேல் நிஜமான பாசம். பங்குனிப் பொங்கலுக்கு மருமகள் அக்கினிச்சட்டி எடுப்பாள் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். சூடு ஆகாது என்று டாக்டர் சொன்னதை மகன் எடுத்துச் சொன்னான். ஆத்தா நெருப்பு சுடாது என்று அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். கடைசியில் தங்கமாரியிடம் கேட்டார்கள். சரி என்றாள்.

பங்குனி வெயிலில் ரோட்டுத் தார் காலோடு ஒட்டியது. மஞ்சள் சேலை கட்டி, கையில் வேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் எரிகிற சட்டியை ஏந்தி நடந்தாள் தங்கமாரி. செல்லப்பாண்டி தண்ணீர்க் குடத்தோடு அவளை ஒட்டியே வந்தான். கோயில் வாசல் தெரிகிற இடத்தில் அவள் முழங்கால் ஆட்டம் கண்டது. உடம்பு முழுக்க நடுங்கியது. பக்கத்தில் வந்தவர் சட்டியை வாங்கிக்கொள்ள, அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

பெண்கள் குலவை போட்டார்கள். சாமி வந்துவிட்டதாம். வாக்குக் கேட்பதற்காகக் கொட்டுச் சத்தத்தை நிறுத்தினார்கள். சங்கரம்மாள் மருமகள் முன்னால் மண்டியிட்டுக் கையேந்தினாள்.

"என்ன குறை, தாயி? வாயத் தெறந்து சொல்லு."

இரண்டு வருடமாகத் தங்கமாரியிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் தலையை நிமிர்த்தினாள்.

"எனக்கு இருக்கவே பிடிக்கல. விடியக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேதான் படுக்கேன். விடிஞ்சிருது. என்னால முடியல."

கத்தவில்லை. கிணற்றடியில் நின்று பேசுகிற குரல்தான். செல்லப்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. டாக்டரம்மா சொன்ன இரண்டாவது சங்கதி இதோ எதிரே உட்கார்ந்திருக்கிறது. இது சாமி இல்லை, என் பெண்டாட்டி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சுற்றிலும் ஊரே கையெடுத்து நின்றது. ஆத்தாவுக்கே இந்த ஊரில் இருக்கப் பிடிக்கவில்லையாம் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கோபித்துக்கொள்ளாதே, வருகிற வருடம் கெடா வெட்டுகிறோம் என்று சங்கரம்மாள் வாக்குக் கொடுத்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது செல்லப்பாண்டிக்கு. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவனும் கும்பிட்டான்.

மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக அவள் தலையில் ஊற்றினார்கள். உடம்பு குளிர்ந்ததும் காலுக்கு உயிர் திரும்பியது. ஆத்தா மனமிறங்கி மலையேறிவிட்டாள் என்றார்கள்.

அவளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கிளம்பினான். வழியில் மறித்து மறித்து அவளிடம் திருநீறு கேட்டார்கள். வேலைக்கு வளையாத உடம்பு என்ற எதிர்வீட்டுக்காரிதான் முதல் ஆள். தங்கமாரி நடுங்குகிற விரலால் அவளுக்கும் பூசிவிட்டாள்.

ஆள் நடமாட்டம் ஓய்ந்த இடத்தில், பின்சீட்டிலிருந்து பேசினாள்.

"எம்மேல சாமி வரல."

"தெரியும்" என்றான்.



"தெரிஞ்சுதான் கும்பிட்டீகளா?"

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் ரோட்டையே பார்த்து ஓட்டினான். நாளைக்கே மதுரைக்குப் போவோம், டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லுவோம், அதற்கும் மருந்து இருக்கிறதாம், நானும் கூடவே இருக்கிறேன் என்று திக்கித் திக்கிச் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

"சரி" என்றாள் தங்கமாரி.