டம்ளரில் ஊற்றிய போர்தோ

எவர்சில்வர் டம்ளர் இரண்டில் ஒயினை ஊற்றி டவராவோடு மேசையில் வைத்ததும் என் கணவர் கந்தசாமி சிரித்துவிட்டார்.

"என்ன புள்ள, ஒயினா காப்பியா?"

"கண்ணாடியில ஊத்துனா கலரைப் பாத்தே சொல்லீர்றீங்க. இன்னைக்கு மூக்கை வெச்சுச் சொல்லுங்க பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மும்பையிலிருந்து நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிற எங்கள் கோந்த்வா வீட்டில் வழக்கமாக நடப்பதுதான். வெளிநாட்டு ஒயின் இறக்குமதி செய்கிற கம்பெனியில் கந்தசாமிக்கு ருசி பார்க்கிற வேலை. எதை உடனே விற்கலாம், எதை இன்னும் பல வருஷம் பாட்டிலோடு படுக்கப்போட்டு வைக்கலாம் என்று அவர் மூக்குதான் தீர்ப்புச் சொல்லும். அவர் பழகுவதற்காக நான் உள்ளே ஊற்றிக் கொண்டுவருவேன். எது எந்த ஒயின் என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் மோந்து மோந்தே எனக்கும் பாதி தெரியும். கோயமுத்தூரில் இதைச் சொன்னால் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் இந்த ஞாயிறு ஊற்றியது அவர் பழகுவதற்காக இல்லை, அவர் மூக்கைச் சோதிக்க. வியாழக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் தீய்ந்துவிட்டது. நாற்றம் மாடிப்படி வரைக்கும் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு ஜமீலா வந்து, "பாபி, குச் ஜல் ரஹா ஹை", அண்ணி, ஏதோ தீயுது என்று கதவைத் தட்டுகிறாள். இந்த மனுஷன் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

என் மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ரசத்தில் வாசமே இல்லை என்று அவர் கத்தியபோது, மருமகள் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிறார் என்றுதான் நான் பொருமினேன். சில வருஷம் கழித்துக் கை நடுங்க ஆரம்பித்தது. நரம்பு சம்பந்தப்பட்ட வியாதி, சிலருக்கு மோப்பம்தான் முதலில் போகும் என்றார் டாக்டர். கடைசிக் காலத்தில் மாமா காப்பியை எடுத்தால், டம்ளர் டவராவில் அடித்துக்கொள்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும்.

ஒரு டம்ளரில் சாதாரண நாசிக் ஒயின். இன்னொன்றில் பிரான்சிலிருந்து வந்த இருபது வருஷத்துப் போர்தோ ஒயின். நாளைக்கு மும்பையில் இவரும் மற்ற நடுவர்களும் கூடி மதிப்பிடப் போகிற ஒயின் அது. முதலாளி நம்பிக்கையோடு இவரிடம் முன்கூட்டியே ஒரு பாட்டில் கொடுத்திருந்தார். அந்தப் போர்தோ டம்ளரில் பெருங்காயக் கட்டியைக் கிள்ளிப்போட்டுக் கரைத்திருந்தேன். பிரான்ஸ்காரன் பார்த்தால் நெஞ்சு வெடித்துச் செத்திருப்பான். முருகா, இவர் இதைத் துப்பிவிட்டு என்னை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நாசிக்கை ஒரு வாய் வைத்து ஒதுக்கினார். இரண்டாவதைச் சுழற்றினார். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கே பெருங்காயம் குப்பென்று அடித்தது. அவர் மூக்கை டம்ளருக்குள் விட்டுக் கண்ணை மூடினார். ஒரு வாய் உறிஞ்சி நாக்கில் உருட்டினார்.

"ஆஹா. இதுதான் போர்தோ. பென்சில் சீவுன வாசம், சிகார் பொட்டி, மழை பேஞ்ச மண்ணு… எப்படி வருது பாரு. இன்னும் இருபது வருஷம் தாங்கும். ஒண்ணும் ஆகாது. சரிதானே?"

எது போர்தோ என்பதில் தப்பில்லை. நாக்கு இன்னும் வேலை செய்கிறது. மற்ற வாசமெல்லாம் அவர் மனப்பாடமாய் ஒப்பித்தது.

"சரிதானுங்க," என்றேன். எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. "நாளைக்கு மும்பை போகாம இருந்தா என்னங்க?"

"ஏனாத்துக்கு?"

நாசிக் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன். நாளைக்கு ஆறேழு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பாட்டிலை மோந்து பார்ப்பார்கள். ஒயின் கெட்டுப்போயிருந்தாலும் இவர் இதையேதான் சொல்வார்.

அவர் டம்ளரைக் கையிலிருந்து விடாமல் டவராவுக்குள் இறக்கினார். கிணுகிணுவென்று சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. கீழே லாரி ஏதாவது போகிறதா என்று ஜன்னல் பக்கம் பார்த்தேன். தெரு காலியாகக் கிடந்தது.

திரும்பியபோது, அவர் இன்னொரு கையால் டம்ளர் பிடித்த கையை அமுக்கிப் பிடித்திருந்தார். சத்தம் நின்றுவிட்டது. என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.