எண்பது சதவீதம்

எனக்கு ஊனம் எண்பது சதவீதத்துக்கு மேல் என்பது வருமான வரித்துறை சொல்லித்தான் எனக்கே தெரியவந்தது. திருவரங்குளம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. வயது நாற்பத்து மூன்று. பிள்ளைகளோடு தினமும் மைதானத்தை நாலு சுற்று ஓடுகிறேன். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியட் முடிந்து வந்தபோது பள்ளி முகவரிக்குப் பதிவுத் தபால் வந்திருந்தது. கடும் ஊனத்துக்கான வரிச் சலுகையை இரண்டு வருடமாக நான் வாங்கியிருக்கிறேனாம். மருத்துவச் சான்றைக் காட்ட வேண்டும், அல்லது கணக்கைத் திருத்தி மார்ச்சுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும், இரண்டும் இல்லையென்றால் அபராதமும் வழக்கும் வரும் என்று எழுதியிருந்தது. பொற்கொடி என்று என் பெயர், என் பான் எண் எல்லாம் சரியாக இருந்தன. கழுத்தில் விசில் தொங்க, நின்றபடியே மூன்று தடவை படித்தேன்.

யார் செய்த வேலை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ராம்நாத்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் அவன் ஆபீஸ். ஆடிட்டர் படிப்பு முடித்தவன் இல்லை. ஆனாலும் எங்கள் வட்டாரத்து வாத்தியார்களுக்கு அவன்தான் ஆடிட்டர். எங்கள் பள்ளியில் மட்டும் முப்பத்தொரு பேர் அவனிடம் கணக்குக் கொடுத்திருந்தோம். மற்றவர்களிடம் போனால் ரசீது எங்கே, வாடகை ஒப்பந்தம் எங்கே என்று குடைவார்கள். ராம்நாத் ஒன்றுமே கேட்க மாட்டான். ஆதார், பான், சம்பளப் பட்டியல் போதும். பாஸ்வேர்டையும் அவனே வைத்துக்கொள்வான். இரண்டு மாதத்தில் பிடித்த வரி திரும்பி வரும். பத்தில் ஒரு பங்கு அவனுக்கு. கைராசிக்காரன் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் இருபத்தாறாயிரம் வந்தபோது அது எதனால் வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த வருடம் வராமல் போய்விடுமோ என்ற பயம்தான். அந்தப் பணத்தில் வாஷிங் மெஷின் வாங்கினேன்.

சனிக்கிழமை அவன் ஆபீசுக்குப் போனேன். கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மேஜையில் போட்டான்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் அனுப்புறது டீச்சர். இதுக்குப் போயி இம்புட்டுத் தூரம் வந்தீங்களா?"

"எனக்கு எங்க சார் ஊனம்?"

"அது ஒரு கட்டம். டிக் அடிச்சா ரீஃபண்ட் வரும். ரெண்டு வருஷமா வந்துச்சில்ல, அப்ப கேக்கலையே நீங்க?"

அந்த இடத்தில் அவன் சொன்னது சரிதான்.

"சர்டிபிகேட்டு கேக்குறாங்கள்ல, ரெடி பண்ணிருவோம். ஆளு இருக்கு. இருபதாயிரம் ஆகும்" என்றான்.

"வேணாம் சார். வரிக்கணக்க இப்ப சாஃப்ட்வேர்லயே போடலாமாமே. நானே திருத்திக் கட்டிக்கிறேன்."

ராம்நாத் சிரித்தான். பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணையும் பார்த்துச் சிரித்தான். "நீங்க பீ.டி. டீச்சரு. ஓடச் சொன்னா ஓடுவீங்க. கணக்கெல்லாம் நமக்கெதுக்கு? சாஃப்ட்வேர்ல ஒரு தட்டுத் தப்பாத் தட்டினீங்கன்னா கம்பி எண்ணணும் டீச்சர்."

அந்தச் சிரிப்பை மட்டும் அவன் சிரிக்காமல் இருந்திருந்தால், பணத்தைக் கட்டிவிட்டு, அவனைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். மாடிப்படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இவனை நான் விடப்போவதில்லை.

திங்கட்கிழமை திருப்பதியிடம் கடிதத்தைக் காட்டினேன். திருப்பதி எங்கள் பள்ளி அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவர். இரும்புப் பட்டை போட்ட காலணியோடு நடப்பார். ராம்நாத்திடம் போகாத சிலரில் அவரும் ஒருவர். தன் கணக்கைத் தானே சாஃப்ட்வேரில் போட்டுவிடுவார். கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே நீட்டினார்.

"இந்தச் சர்டிபிகேட்டுக்கு நான் பெரியாஸ்பத்திரிக்கு மூணு நாளு அலைஞ்சேன் டீச்சர். ஒருநா லிப்ட் ஓடலை. மாடிக்குப் படியில உக்காந்து உக்காந்து ஏறினேன். இவன் என் கால எடுத்து ஒங்க பேருல எழுதி வச்சிருக்கான்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "நானும் அதுல காசு வாங்கியிருக்கேன் திருப்பதி" என்றேன். "வாங்கினதக் கட்டிருங்க. அவன் கதையப் பெறகு பாப்போம்" என்றார்.

அவர் வைத்திருந்தது ஐந்நூறு ரூபாய் சாஃப்ட்வேர். அப்போதும் எனக்குப் பயம் போகவில்லை. முறையாகப் படித்த ஆடிட்டர் யாரிடமாவது போய்விடலாமா என்று கேட்டேன்.

"கோட்டைப்பட்டினத்துல ரெண்டு மீன்பிடி போட்டும் ஒரு ஐஸ் கம்பெனியும் வச்சிருந்தா கட்டாயம் போகணும். ஒங்களுக்கு ஒரே சம்பளம். இதுக்குக் கேக்குற கேள்விக்கு உண்மையச் சொல்லத் தெரிஞ்சாப் போதும்."

ஆதார் எண்ணைப் போட்டதும் என் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. வருமான வரித் தளத்தில் என் பக்கத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். என் பெயருக்குக் கீழே போன் நம்பர் ராம்நாத்துடையது. ஈமெயிலும் அவனுடையது. செப்டம்பரிலிருந்து எனக்கு மூன்று எச்சரிக்கைகள் போயிருக்கின்றன. மூன்றும் அவனுக்குப் போயிருக்கின்றன. ஒன்றைக்கூட அவன் என்னிடம் சொல்லவில்லை.

சாஃப்ட்வேர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது. வாடகை வீடா, சொந்த வீடா? கடன் உண்டா? பிறகு, உங்களுக்கு மாற்றுத்திறன் உண்டா? ராம்நாத் ஒருமுறைகூட என்னிடம் கேட்காத கேள்வி. 'இல்லை' என்பதை அழுத்தினேன். கூடுதல் வரியும் வட்டியுமாக எழுபத்தெட்டாயிரம் என்று காட்டியது. வளையல் இரண்டையும் கூட்டுறவு வங்கியில் வைப்பது என்று அப்போதே தீர்மானித்தேன்.

"மொதல்ல பாஸ்வேர்ட மாத்திருவமா திருப்பதி?"

"மாத்துனா அவன் போனுக்கு மெசேஜ் போகும். உஷாராயிருவான்."

அதைக் கேட்டதும் என் மூளைக்குள் ஒரு பொறி தட்டியது. பிப்ரவரியில் பள்ளி விளையாட்டு விழா. கோப்பை, மெடல் எல்லாம் ராம்நாத் செலவு. வருடா வருடம் அவன்தான் சிறப்பு விருந்தினர். கடைசிப் போட்டி ஆசிரியைகளுக்கான நூறு மீட்டர். மெடலைத் தன் கையால்தான் போடுவான். மைக்கைப் பிடிப்பது திருப்பதி.

"இப்ப மாத்த வேணாம்" என்றேன். திருப்பதி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மேலே விளக்கத் தேவையிருக்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே மைதானத்தில் இருந்தேன். முழங்காலில் பழைய வலி உண்டு. தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன். ஸ்டாஃப் ரூமில் முப்பது பேர் ராம்நாத்தைப் புகழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். முன்கூட்டியே அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஆளுக்கு ஒரு போன் போட்டு அவனை எழுப்பிவிட்டிருப்பார்கள். அதனால் சொல்லவில்லை. அது தப்பு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

விழாவுக்கு முதல் நாள் பணத்தைக் கட்டித் திருத்திய கணக்கைச் சமர்ப்பித்தேன். ஒப்புதல் அவன் ஈமெயிலுக்குத்தான் போகும், ஒரே நாளில் அதைத் திறந்து பார்க்க மாட்டான் என்று துணிந்தேன். கடிதத்துக்குப் பதிலும் போட்டேன். கணக்குப் போட்டவன் பெயர், அவனுக்கு நான் பணம் அனுப்பிய தேதிகள், அவனுடைய போன் நம்பர் இருக்கும் என் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். எங்களைக் கட்டிப்போட அவன் கொடுத்து வைத்த நம்பரே அவனுக்கு எதிரான சாட்சியாகப் போனது.

விழாவன்று ராம்நாத் வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக வந்து மேடையில் உட்கார்ந்தான். ஆசிரியைகள் ஓட்டத்தில் எட்டுப் பேர். பக்கத்துக் கோட்டில் இங்கிலீஷ் டீச்சர் தேவிப்ரியா, இருபத்தாறு வயது. விசில் ஊதினார்கள். அறுபது மீட்டர் வரை நான்தான் முன்னால். பிறகு தேவிப்ரியா தாண்டிப் போய்விட்டாள். இரண்டாம் இடம். எனக்கு அது போதும். மெடல் மூன்று பேருக்கும் உண்டு.

தேவிப்ரியாவுக்கு மெடல் போட்டு முடித்தான். மூச்சு வாங்க மேடையேறினேன். ராம்நாத் வெள்ளி நிற மெடலை எடுத்துக்கொண்டு சிரித்தபடி என்னிடம் வந்தான். அதே சிரிப்பு.

திருப்பதி மைக்கில் சொன்னார். "ரெண்டாம் பரிசு, பொற்கொடி டீச்சர். ஆடிட்டர் ராம்நாத் சார் போட்டுக் கொடுத்த வருமான வரிக் கணக்குப்படி இவங்க எண்பது சதவீதத்துக்கு மேல ஊனமானவங்க. இப்ப நூறு மீட்டர் ஓடி வந்திருக்காங்க."

பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். வாத்தியார்கள் யாரும் தட்டவில்லை. ராம்நாத்தின் கை மெடலோடு அப்படியே நின்றது.

நான் மைக்கை வாங்கினேன். "ரெண்டு வருஷம் அந்தக் காச நானும் வாங்கித் தின்னேன். நேத்து எழுபத்தெட்டாயிரம் கட்டிட்டேன். ஒங்க ஒங்க பேருல என்ன எழுதியிருக்குன்னு போனத் தொறந்து பாருங்க. ஆதார் நம்பரப் போட்டா ஓ.டி.பி. ஒங்களுக்கே வரும். மொத வேலையா பாஸ்வேர்ட மாத்துங்க" என்றேன்.

வேப்பமரத்து நிழலில் நாற்காலிகள் இழுபட்டன. எல்லாத் தலையும் குனிந்தது. கணக்கு வாத்தியார் சத்தம் போட்டுப் படித்தார். கட்டுமாவடியில் இன்றும் வலை இழுக்கும் அவர் தம்பியைப் படுத்த படுக்கை என்று எழுதியிருந்தான். "அடப்பாவி" என்று அவர் எழுந்தே விட்டார்.

ராம்நாத் என் பக்கம் குனிந்தான். "டீச்சர், தனியாப் பேசிக்கலாம். நோட்டீசுக்கு நானே பதில் போட்டுர்றேன். காசே வேணாம். என் பேரு மட்டும் எங்கிட்டும் வராமப் பாத்துக்கங்க."

"போட்டாச்சு சார். போன் நம்பரோட போட்டாச்சு."

அவன் சட்டைப் பையில் போன் ஒருமுறை அடித்தது. அவன் கவனிக்கவில்லை. இரண்டாவது முறை அடித்தது. பிறகு மூன்று சேர்ந்தாற்போல வந்தன. ஒவ்வொன்றும் என்ன மெசேஜ் என்று எனக்குத் தெரியும். ஏழாவதில் அவனுக்கும் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய் மரத்தடியைப் பார்த்தான். அங்கிருந்து முப்பது பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தலையைக் குனிந்து காட்டினேன்.

"மெடலப் போட்டுட்டு எடுத்துப் பாருங்க சார். ஒங்களுக்குத்தான் வருது."