இடம் மாறாத புள்ளி

அந்த ஸ்கேன் சென்டரில் அவளுக்குப் 'பேயோட்டி' என்று பேர். எம்.ஆர்.ஐ. படத்தில் சில சமயம் பேய் மாதிரி பொய் நிழல்கள் விழும். ஆள் அசைந்தால் விழும். ரத்தம் துடித்து ஓடுவதால்கூட விழும். பார்க்க நோய் போலவே இருக்கும். எது நிஜம், எது நிழல் என்று பதினாறு வருஷமாகப் பிரித்து வந்தவள் அவள்.

அன்று மெஷினுக்குள் படுத்திருந்தது அவளுடைய அண்ணன். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஒரு மாதமாகத் தலைசுற்றல். போன வாரம் ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். அவன் கழற்றிக் கொடுத்த வாட்சையும் பெல்ட்டையும் மடியில் வைத்துக்கொண்டு அண்ணி வெளியே உட்கார்ந்திருந்தாள்.

முதல் படம் கலங்கி வந்தது.

"அண்ணா, இருமாதே. அஞ்சு நிமிஷம் பொம்மை மாதிரி இரு," என்றாள் மைக்கில்.

"பொம்மைக்குத் தொண்டை அரிக்காதுடி."

தலைக்கு இருபுறமும் பஞ்சுத் திண்டை இறுக்கி வைத்து மறுபடி எடுத்தாள். இந்த முறை படம் தெளிவு. ஆனால் சிறுமூளையில், பக்கத்து ரத்தக் குழாய்க்கு நேர்கோட்டில், இரண்டு வெள்ளைப் புள்ளிகள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துடிப்பு நிழல் இப்படித்தான் வரிசை கட்டி நிற்கும். படம் பதியும் திசையை மாற்றினால் அதுவும் ஓடிப்போய் வேறு இடத்தில் விழும். நிஜக் கட்டி மட்டும்தான் அசையாது.

திசையை மாற்றினாள். ஒரு புள்ளி ஓடிவிட்டது. மற்றது இருந்த இடத்திலேயே இருந்தது.

ரத்த ஓட்டத்தின் பளபளப்பை அடக்கி இன்னொன்று எடுத்தாள். பிறகு பக்கவாட்டில் ஒன்று.

"என்னடி, என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை போட்டோ எடுக்கல!"

இரண்டு படத்திலும் அந்தப் புள்ளி அதே இடத்தில் இருந்தது.

டாக்டரம்மா வந்து திரையைப் பார்த்தார். எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இன்னொரு தடவை எடுத்துப் பாக்கணும்னா பாரும்மா," என்றார்.

"அஞ்சு தடவை எடுத்துட்டேன் டாக்டர்." சொல்லும்போதே குரல் உடைந்தது. "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சுட்டேன்."

கதவைத் திறந்து மேஜையை வெளியே இழுத்தாள். அண்ணன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

"படம் நல்லா வந்துச்சா?"

"தெளிவா வந்திருக்குண்ணா."

"அப்பாடா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்." தரையில் செருப்பைத் தேடியவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "என்னடி?"

டாக்டர் சொல்லட்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "நீயே சொல்லு. நீ சொன்னாத் தாங்கிக்குவேன்."

சொன்னாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். விரல் நகத்தில் ஒட்டியிருந்த பழைய நீலப் பெயின்டைச் சுரண்டினான்.

"உங்க அண்ணிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ முகத்தைக் கழுவிட்டு வா. இப்படியே வெளிய போனா, பாத்ததும் அவ உடைஞ்சுடுவா."

கழுவிக்கொண்டு அவள் வந்தபோது, அண்ணி அவனுக்கு வாட்சைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் வாய் திறந்திருக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதம் இருந்தான். கடைசி இரண்டு மாதம் பேச்சு இல்லை. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, முதல் ஆளாக ஒரு வாத்தியார் வந்தார். அவர் படத்தில் ஒரு நிழல். திசையை மாற்றியதும் மறைந்துபோனது. அவருக்கு நல்ல சேதி சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.