பயந்தால் வரும் சிரிப்பு

பல் ஆஸ்பத்திரியில் அவள் வேலை பார்த்த வரவேற்பு மேஜைக்கு எதிரே மாட்டியிருந்த டிவியில் அவள் மகன் காலையிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தான். நேற்று கால்பந்து இறுதிப் போட்டியில், கடைசி பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே உதைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு. மொத்தம் ஒரு நொடி இருக்குமா? அதையே போட்டு அரைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே சிவப்புப் பட்டையில் ‘தோற்றும் அடங்காத திமிர்’ என்று ஓடியது.

அவன் பயந்தால் சிரிப்பான். சின்ன வயதில் கட்டிலிலிருந்து விழுந்து முழங்கை பிசகியபோதும் அப்படித்தான் சிரித்தான். டாக்டரே ஒன்றுமில்லை என்று அனுப்பப் பார்த்தார். பெற்றவளுக்குத் தெரியும். டிவிக்காரனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் அவன் பிழைப்பு ஓடுமா?

போன வருஷம் அதே டீமின் பழைய கேப்டனும் இதே மாதிரி ஒரு பெனால்டியைக் கோட்டைவிட்டார். அவரும் சிரித்தார். அன்றைக்கு இதே கோட்டு போட்ட வர்ணனையாளர், "என்ன ஒரு பக்குவம்!" என்று கண்கலங்கினார். இன்றைக்கு அதே வாய், "இந்த வயசுப் பசங்களுக்குக் காரு, காசு, தலைமுடிக்குக் கலரு. ஆட்டத்துல எங்க கவனம்?" என்கிறது. மகனிடம் சைக்கிள்கூடக் கிடையாது. தலைமுடிக்குக் கலர் அடித்தது வாஸ்தவம்தான். அடித்துவிட்டவளே அவள்தான், சமையலறையில், பழைய துண்டைக் கழுத்தில் சுற்றி.

கோபம் வரவேண்டும். வரவில்லை. உடம்பு வேறு யாருடையதோ போல இருந்தது. "அடுத்தது யாருங்க?" என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரிமோட் அவள் இழுப்பறையில்தான் கிடந்தது. நிறுத்தினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

மதியம் மகனிடமிருந்து செய்தி வந்தது. ‘அம்மா, என்னை டீம்ல வெச்சுக்கலாமா வேணாமான்னு உள்ள பேசிட்டிருக்காங்க. நான் வெளிய பெஞ்சுல இருக்கேன்.’

‘சாப்டியா?’ என்று அனுப்பினாள்.

பல் பிடுங்கிக்கொண்ட பெரியவர் ஒருவர் கன்னத்தில் பஞ்சோடு எதிரே உட்கார்ந்திருந்தார். பாதி வாய் மரத்துப்போயிருந்தும் அவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "எப்படி இளிக்கிறான் பாருங்கம்மா. அவனைச் சொல்லி என்ன? பெத்தவங்களைச் சொல்லணும்."

"ஆமாங்க," என்றாள். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று உறைத்தது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று தன்னையே நினைத்துக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. ‘வேணாம்னுட்டாங்கம்மா.’

எழுந்து நின்றாள். உட்காரத் தோன்றவில்லை, நடக்கவும் தோன்றவில்லை. அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்தாள், நிற்கவில்லை. இரண்டு கையும் தானாக இடுப்புக்குப் போயின.

"என்னம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவரும் கோணலாகச் சிரித்தார்.

டிவியில் மறுபடியும் பந்து கம்பத்துக்கு மேலே போனது. பெரியவர் திரும்பி அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பஞ்சைச் சரிசெய்ய வாய்க்குப் போன அவர் கை அங்கேயே நின்றது.